பவளத்தொட்டிக்குக் கையால் செய்யும் சாதனங்கள்: எதைச் செய்யலாம், எதை வாங்கிவிடுவது நல்லது

உப்புநீர்ப் பவளத்தொட்டி வைப்பவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்காத சாதனம் அநேகமாக எதுவும் இல்லை. சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கும் துணைத் தொட்டி), ஓவர்ஃப்ளோ (மேல் தண்ணீரைச் சம்ப்புக்கு இறக்கும் வழி), தானாகத் தண்ணீர் நிரப்பும் அமைப்பு, எல்இடி விளக்கு, ஸ்கிம்மர் (நுரையால் அழுக்கைப் பிரிப்பது), பாறை, பவளத்துக்கு ஊற்றும் கால்சியக் கரைசல் என்று பட்டியல் நீளும். இவற்றில் சில, கடையில் கிடைப்பதைவிட நன்றாகவே வேலை செய்கின்றன. சில, ஒரே இரவில் தொட்டியைக் காலி செய்துவிடும். எவ்வளவு காசு மிச்சம் என்று பார்த்து முடிவெடுத்தால் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. கெட்டுப்போனால் என்ன ஆகும் என்றுதான் ஒவ்வொரு சாதனத்தையும் பார்த்துக் கேட்க வேண்டும். விளக்கு எரியாமல் போனால் பவளம் இரண்டு மூன்று நாள் தாங்கும். ஹீட்டர் அணையாமல் ஓடினால் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

கீழே வரும் கணக்குகள் எல்லாம் 90 × 45 × 45 செ.மீ. கண்ணாடித் தொட்டிக்கு. சம்ப்பையும் சேர்த்தால் ஓடும் தண்ணீர் சுமார் 200 லிட்டர். பெரிய தொட்டிக்கு அந்த விகிதத்தில் கூட்டிக்கொள்ளலாம்.

முதலில் ஓவர்ஃப்ளோ. கண்ணாடியில் துளை போடப் பயந்து, பிவிசி பைப்பை வளைத்து விளிம்பின் மேல் தொங்கவிடும் சைஃபன் ஓவர்ஃப்ளோ பலரும் செய்வது. வேண்டவே வேண்டாம். மேல் வளைவில் காற்றுக்குமிழி கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். ஒருநாள் சைஃபன் அறுந்துவிடும். சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் மட்டும் நிற்காமல் ஏற்றிக்கொண்டே இருக்கும். அறையில் தண்ணீர் தேங்கிய பிறகுதான் தெரியவரும்.

துளை போடுவது நினைக்கிற அளவுக்குக் கடினம் இல்லை. டெம்பர்டு (சூடாக்கி உறுதியேற்றிய) கண்ணாடியா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் அதில் டிரில் பட்ட உடனே முழுக் கண்ணாடியும் சுக்குநூறாகும். கம்ப்யூட்டர் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன்பக்கமிருந்து பார்த்தால், டெம்பர்டு கண்ணாடியில் கறுப்புத் திட்டுகளும் பட்டைகளும் தெரியும். அடிக்கண்ணாடி டெம்பர்டாக இருப்பது சகஜம், அதனால் பின்பக்கக் கண்ணாடியில் போடுவதே நல்லது. எந்த அளவு வைர ஹோல்-சா (வட்டத் துளை வெட்டும் பிட்) வேண்டும் என்பது கையில் இருக்கும் பல்க்ஹெட்டை, அதாவது துளையில் குழாயைப் பொருத்தும் இணைப்பை, பொறுத்தது. பல்க்ஹெட்டை வாங்கி அளந்துவிட்டுத்தான் பிட் வாங்க வேண்டும். கண்ணாடி விளிம்புக்கும் துளைக்கும் நடுவே துளையின் விட்டம் அளவாவது இடம் விடுங்கள். தொட்டியைப் படுக்கவைத்து, இருபக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, துளை வரும் இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். டிரில்லைக் குறைந்த வேகத்தில் வைத்து, அதன் எடை மட்டும் இறங்கும்படி பிடித்தால் போதும். பால்போல் வெள்ளைக் குழம்பு வந்துகொண்டே இருந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். கடைசி ஒரு மில்லிமீட்டரில் கை அழுத்தினால் மறுபக்கம் பெரிய சில்லாகப் பெயரும். இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் அந்தக் கடைசி அரை நிமிடத்தில்தான்.

பல்க்ஹெட்டின் ரப்பர் வாஷர் தொட்டியின் உள்பக்கம், தட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவே வர வேண்டும். சிலிக்கான் பூச வேண்டாம். கையால் முறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று போதும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் கண்ணாடி விரிசல் விடும்.

குழாய் அமைப்புகளில் துணிந்து பரிந்துரைக்கக்கூடியது, பீன்அனிமல் என்று பெயர் பெற்ற மூன்று குழாய் முறை. முதல் குழாய் முழுச் சைஃபன், அதாவது காற்றே கலக்காமல் நீர் நிரம்பி ஓடுவது. அதில் ஒரு கேட் வால்வு. இரண்டாவது திறந்த குழாய். சாதாரண நேரத்தில் அதில் மெல்லிய கசிவு மட்டும் ஓடும். அதன் தலையிலிருந்து ஒரு சிறு காற்றுக்குழாய் வந்து, ஓவர்ஃப்ளோ பெட்டியின் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும். முதல் குழாய் அடைத்துக்கொண்டால் மட்டம் உயரும், காற்றுக்குழாயின் வாய் மூடும், உடனே இரண்டாவதும் முழுச் சைஃபனாகிவிடும். மூன்றாவது இன்னும் உயரத்தில் காய்ந்தே கிடக்கும் அவசரக் குழாய். அதில் வால்வே கூடாது. சம்ப்பில் அதன் வாயைத் தண்ணீருக்கு மேலே விட்டால், ஓடத் தொடங்கும்போது போடும் சத்தமே எச்சரிக்கை மணி.

இதில் இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது. ஒன்று, சைஃபன் குழாயின் கீழ்வாயைச் சம்ப்பில் ஆழமாக அமிழ்த்திவிடுவது. நீர்மட்டத்துக்குக் கீழே 2–3 செ.மீ. போதும். அதற்கு மேல் போனால், மின்சாரம் போய்வரும்போது உள்ளே மாட்டிய காற்று வெளியேற முடியாமல் சைஃபன் பிடிக்காது. மற்றொன்று, கேட் வால்வுக்குப் பதில் பால் வால்வு போடுவது. பால் வால்வில் மயிரிழை திருப்பினாலே ஓட்டம் எகிறும், அல்லது சட்டென்று இறங்கும். நுணுக்கமாகச் சரிசெய்ய இயலாது. கட்டி முடித்ததும் பம்ப்பை முழு வேகத்தில் ஓடவிட்டு முதல் குழாயை அடைத்துப் பாருங்கள். அப்புறம் இரண்டாவதையும் சேர்த்து அடையுங்கள். மூன்றாவது ஒன்றே முழுத் தண்ணீரையும் இறக்கினால் தைரியமாகத் தூங்கலாம். செய்யத் தகுந்த வேலைகளில் முதல் இடம் இதற்குத்தான்.

சம்ப்புக்குப் பழைய கண்ணாடித் தொட்டி ஒன்று போதும். தடுப்புகளை ஒட்ட, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத நூறு சதவீத சிலிக்கான் வேண்டும். குளியலறைக்கென்று விற்பதில் பெரும்பாலும் அந்த மருந்து இருக்கும். கண்ணாடிச் சுவரில் அக்ரிலிக் தடுப்பை ஒட்டினால் சிலிக்கான் அக்ரிலிக்கைச் சரியாகப் பிடிக்காது, கொஞ்ச நாளில் உரிந்து வரும். தடுப்பும் கண்ணாடியாகவே இருக்கட்டும். குமிழித் தடுப்புக்கு மூன்று கண்ணாடி, இடையில் 2.5 செ.மீ. இடைவெளி: முதலாவதின் மேலாக, இரண்டாவதின் அடியாக, மூன்றாவதின் மேலாகத் தண்ணீர் போகும். ஒட்டி ஒரு வாரம் தொடாமல் விடுங்கள்.

சம்ப்பில் பலரும் கணக்குத் தவறுவது காலி இடத்தில். பம்ப் நின்றால், மேலே தொட்டியில் 3 செ.மீ. மட்டம் இறங்கினாலே 90 × 45 × 3, அதாவது 12 லிட்டர் கீழே வரும். குழாய்களில் நிற்கும் தண்ணீர் அதற்கு மேல். அதைத் தாங்கும் வெற்றிடம் சம்ப்பில் எப்போதும் இருக்க வேண்டும். ரிட்டர்ன் குழாயில் காற்றுத்துளை போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். பாசியோ நத்தையோ அடைத்துவிட்டால் அந்தத் துளை இருந்தும் பயனில்லை. தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வும் சுண்ணாம்பு படிந்து மூடாமல் போகும். ரிட்டர்ன் வாயை நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே வைத்துவிட்டால், அந்த அளவு இறங்கியதும் வாய் காற்றைப் பிடித்துத் தானே நின்றுகொள்ளும். இதில் பழுதாக ஒன்றுமே இல்லை.

அடுத்தது தானாகத் தண்ணீர் நிரப்பும் அமைப்பு. இந்த அளவுத் தொட்டியில் நாளொன்றுக்கு 2–4 லிட்டர் ஆவியாகும். உப்பு ஆவியாகாது, அதனால் நல்ல தண்ணீரைத்தான் திரும்ப ஊற்ற வேண்டும். ஃப்ளோட் ஸ்விட்ச், 12 வோல்ட் சிறிய பம்ப், ஒரு அடாப்டர் என்று மூன்று பொருளில் செய்துவிடலாம். ஆனால் ஒற்றை ஃப்ளோட் வைத்துச் செய்ததை யாரும் நம்பக் கூடாது. ஒரு நத்தை மிதவையின் மேல் ஏறி உட்கார்ந்தால் பம்ப் நிற்காது. 20 லிட்டர் கேன் முழுவதும் இறங்கிவிட்டால் 200 லிட்டரில் 35 பிபிடியாக (ஆயிரத்தில் 35 பங்காக) இருந்த உப்பு 31.8 ஆகக் குறையும். பவளம் வாடினாலும் மீளும். 80 லிட்டர் டிரம் வைத்திருந்தால் 25-க்கு இறங்கும், தரையும் நனையும். ஆகவே இரண்டு ஃப்ளோட்டுகளைத் தொடராக இணைத்து, இரண்டாவதை 2 செ.மீ. உயரத்தில் வையுங்கள். பம்ப்பின் பவருக்கு ஒரு டைமர் போட்டு, தேவையான நேரத்துக்கு மேல் ஓடாமல் கட்டுங்கள். கேன் சிறியதாக இருக்கட்டும். அதன் நீர்மட்டம், தண்ணீர் போய் விழும் குழாய் வாயைவிடக் கீழேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் பம்ப் நின்ற பிறகும் சைஃபன் இழுக்கும். ஃப்ளோட் ஸ்விட்ச் வழியாக வீட்டு மின்சாரத்தை நேராக விடுவது உயிருக்கே ஆபத்து. இத்தனை காவலும் போட்டால் கடை அமைப்புக்கு ஒரு மாற்றும் குறையாது.

இந்தக் கேனில் சாதாரணத் தண்ணீருக்குப் பதில் சுண்ணாம்புத் தெளிவை ஊற்றுவது பழைய வழக்கம், இன்றும் அருமையான வழக்கம். லிட்டருக்குச் சுமார் 1.5 கிராம் சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு கரையும். மேலே தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். நாளுக்கு 3 லிட்டர் இறங்கினால் 200 லிட்டரில் சுமார் 1.7 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) காரத்தன்மையும் அதற்கு இணையான கால்சியமும் சேரும். நடுத்தர அளவு பவளத்துக்கு அதுவே தாராளம். ஆனால் மேலே சொன்ன ஃப்ளோட் கோளாறு இதில் நடந்தால் கதையே வேறு. 20 லிட்டர் தெளிவு மொத்தமாக இறங்கினால் காரத்தன்மை 11 டிகேஎச் ஏறும் அளவுக்குப் பொருள் விழுந்துவிடும். பிஹெச் எகிறி, தண்ணீர் பால்போல் வெளுத்து, பம்ப்பெல்லாம் சுண்ணாம்பு கட்டிவிடும். ஃப்ளோட்டை நம்பிச் சுண்ணாம்பை விடாதீர்கள். தனிக் கேனில் வைத்து, சொட்டுக் குழாய் மூலமோ குழாயைப் பிசைந்து சிறிதளவாகத் தள்ளும் பெரிஸ்டால்டிக் பம்ப் மூலமோ, நாளின் அளவை மட்டும் இரவில் இறக்குங்கள். இரவில் பிஹெச் தானாகவே சரியும், அதையும் இது தாங்கிப் பிடிக்கும்.

கால்சியம்–காரத்தன்மை இரட்டைக் கரைசலை வீட்டில் செய்வதில் தயக்கமே வேண்டாம். வேதியியலாளர் ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி வெளியிட்ட செய்முறை உலகமெங்கும் பவளம் வளர்ப்பவர்கள் கையில் இருக்கிறது. லிட்டர் கணக்கில் சொன்னால்: சமையல் சோடா 157 கிராமைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, 150 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் வறுத்து, ஆறவைத்துக் கரைத்து ஒரு லிட்டராக்குங்கள். வறுத்தபின் எடை போட்டால் 99 கிராம் வர வேண்டும். 120 என்று காட்டினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்னும் சோடாவாகவே இருக்கிறது, திரும்ப வறுக்க வேண்டும். இன்னொரு பாட்டிலில் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 132 கிராம், மொத்தம் ஒரு லிட்டர். நீரற்ற கால்சியம் குளோரைடாக இருந்தால் 100 கிராம். அது கரையும்போது பாத்திரம் கொதிக்கிற மாதிரி சூடாகும்; தண்ணீரில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், பொடியின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். இரண்டுமே உணவுத் தரமாக இருக்கட்டும். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அது உதவாது.

அளவு கண்டுபிடிப்பது இப்படி. ஒருநாள் எதையும் ஊற்றாமல், இன்றும் நாளையும் ஒரே நேரத்தில் காரத்தன்மையை அளங்கள். 8.4-லிருந்து 7.9-க்கு இறங்கினால் நாளுக்கு 0.5 டிகேஎச் செலவு. 200 லிட்டரில் 1 டிகேஎச் ஏற்ற 38 மில்லி வேண்டும். ஆகவே இரண்டு பாட்டிலிலிருந்தும் நாளுக்கு 19 மில்லி. இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் ஊற்றினால் கண்ணெதிரே வெள்ளை மேகம் கிளம்பும். ஊற்றிய பொருள் அப்படியே சுண்ணாம்புத் தூளாக வீணாகிறது. அரை மணி இடைவெளி, ஓட்டம் பலமாக உள்ள இடம். ஒரே நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்ற வேண்டாம். மக்னீசியம் 1200 பிபிஎம்முக்குக் கீழே போயிருந்தால் எவ்வளவு ஊற்றினாலும் கால்சியமும் காரத்தன்மையும் நிற்காது, முதலில் அதை 1300-க்குக் கொண்டுவாருங்கள். இந்தக் கரைசல்கள் மிச்சமாகச் சாதா உப்பை விட்டுச் செல்வதால் மாதம் ஒருமுறை உப்பளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் நீரில் பூஜ்யத்துக்கு வைத்தால் போதாது, 35 பிபிடி திட்டக் கரைசலில் சரிபார்க்க வேண்டும்.

பாசித் தகடுதான் வீட்டுச் சாதனங்களிலேயே மனசுக்குப் பிடித்தது. ஸ்மித்சோனியனில் பணியாற்றிய வால்டர் ஏடி உருவாக்கிய முறை. அதற்கு அவர் 1982-இல் காப்புரிமை பெற்றார். பாசியைத் தொட்டியில் வளரவிடாமல் ஒரு தகட்டில் வளர்த்து, வாராவாரம் சுரண்டி எறிந்தால், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதோடு போய்விடும். நூல்வேலைக்கு விற்கும் பிளாஸ்டிக் கான்வாஸ் வலையை எடுத்து, மர ரம்பத்தின் பல்லால் இருபக்கமும் கீறுங்கள். கள்ளிச்செடிபோல் முள்முள்ளாக, விரலை வைத்தால் குத்துகிற அளவுக்கு வர வேண்டும். வழவழப்பு கொஞ்சம் மிச்சமிருந்தாலும் பாசி அந்த இடத்திலிருந்து பாய்போல் கழன்று விழும். பிவிசி பைப்பில் 3 மி.மீ. அகலத்துக்கு நீளவாக்கில் வெட்டி, வலையை அதில் செருகித் தொங்கவிடுங்கள்.

அளவு, நாளுக்குப் போடும் தீவனத்தைப் பொறுத்தது. ஒரு உறைந்த தீவனக் கட்டிக்கு, இருபக்கமும் ஒளி படும் 75 சதுர செ.மீ. வலை. இரண்டு கட்டி போட்டால் 15 × 10 செ.மீ. அகலத்தின் ஒவ்வொரு செ.மீ.க்கும் மணிக்கு 50 லிட்டர் ஓட வேண்டும், ஆக இதற்கு 750 லிட்டர். டப்பாவில் எழுதியிருக்கும் எண் உயரமே இல்லாமல் அளந்தது, அதனால் ஒரு படி பெரிய பம்ப்பாக எடுங்கள். விளக்கு 660 நானோமீட்டர் சிவப்பு எல்இடி, இருபக்கமும், நாளுக்கு 10 மணி நேரத்தில் தொடங்கி மெல்ல 16 வரை. முதலில் பழுப்புச் சளிதான் வரும், மனம் தளர வேண்டாம். மூன்று நான்கு வாரத்தில் பச்சை மயிர்ப்பாசி பிடிக்கும். 7–14 நாளுக்குள் சுரண்டாவிட்டால் அடியில் ஒளி போகாமல் செத்து, உறிஞ்சியதையெல்லாம் திரும்பத் தண்ணீரில் விடும். முழுவதும் சுரண்ட வேண்டாம், மெல்லிய பச்சை அடி மிச்சமிருக்கட்டும். இது கெட்டால் பாசி காயும், அவ்வளவுதான்; மீனுக்கும் பவளத்துக்கும் ஒன்றும் ஆகாது.

எல்இடி விளக்கு செய்யலாம், கை பழகியவர்கள் மட்டும். 3 வாட் எல்இடி 12-ஐத் தொடராக இணைத்தால் சுமார் 38 வோல்ட். 48 வோல்ட் சப்ளை, 700 மில்லியாம்பியர் நிலைமின்னோட்ட டிரைவர். பெரும்பகுதி 450 நானோமீட்டர் ராயல் புளூ, கொஞ்சம் வெள்ளை. வெப்பத் தகட்டில் பேஸ்ட் இல்லாமல் திருகினால் சீக்கிரமே கருகும். ஒன்று போனால் வரிசை முழுவதும் அணையும். பவளத்தைக் கொல்வது பெரும்பாலும் விளக்கின் பழுது இல்லை, அதன் பலம்தான். மென்பவளத்துக்கு 50–150 பார் (PAR, பவளத்துக்குப் பயன்படும் ஒளியின் அளவு), கிளைப்பவளத்துக்கு 200–350. 30 சதவீதத்தில் தொடங்கி மூன்று நான்கு வாரத்தில் ஏற்றுங்கள்.

தொட்டிக்கு வேண்டிய சுத்தத் தண்ணீரை எடுக்கும் ஆர்.ஓ. அமைப்பை உதிரியாக வாங்கிச் சேர்ப்பதும், முழு அமைப்பாக வாங்குவதும் ஒன்றுதான். குடிநீர் ஆர்.ஓ.வில் கனிமம் சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் இருந்தால் கழற்றிவிட்டு, கடைசியில் மிச்சமுள்ள அயனிகளைப் பிடிக்கும் டிஐ ரெசின் சேர்த்து, டிடிஎஸ் (கரைந்த பொருளின் அளவு) 0 வரவையுங்கள். நின்று ஓடும் மெம்பரேன் முதலில் தரும் ஓரிரு லிட்டர் மோசமாக இருக்கும். அதை ரெசினுக்கு அனுப்பாமல் கொட்டிவிடுங்கள்.

வாங்கியே தீர வேண்டியவை: ஹீட்டரும் ஸ்கிம்மரும். ஹீட்டர் 200 வாட் ஒன்றுக்குப் பதில் 100 வாட் இரண்டு, வெளியே தனி வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி. ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டாலும் தண்ணீரை வேகவைக்கும் பலம் அதற்கு இருக்காது. ஸ்கிம்மரை மரக் காற்றுக்கல் வைத்துச் செய்யலாம்தான், ஆனால் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை கல் மாற்றுவது, நுரை மட்டத்தோடு மல்லுக்கட்டுவது எல்லாம் சேர்ந்தால் பயன் இல்லை.

சிறிய ஃபிரிட்ஜுக்குள் பிளாஸ்டிக் குழாயைச் சுருட்டி வைத்துத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் செய்வது தலைமுறை தலைமுறையாகத் தோற்றுவரும் யோசனை. பிளாஸ்டிக் வெப்பத்தைக் கடத்தாது, ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் இடைவிடாத சூட்டை இழுக்கும் அளவு கொண்டதும் இல்லை. நீர்ப்பரப்பின் மேல் 12 வோல்ட் விசிறி இரண்டு வைத்தால் 2–3 டிகிரி குறையும். ஈரக் காற்றில் அவ்வளவு குறையாது. ஆவியாதல் கூடும், ஃப்ளோட் அமைப்பு அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். செம்புக் குழாய் போட்டால் குளிரும், முதுகெலும்பில்லாத உயிர் எதுவும் மிஞ்சாது.

சிமெண்டுப் பாறைக்குப் பொறுமை இருந்தால் சரி. ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு பவளத்தூள், கூடவே நுண்துளை விழக் கல்லுப்பு. இரண்டு மாதம்வரை தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, மூன்று நாள் நின்ற தண்ணீரிலும் பிஹெச் 8.5 தாண்டாத பிறகே உள்ளே விடலாம்.

ஜன்னல் வலைச் சட்டம் வாங்கி, 6 மி.மீ. கண்ணுள்ள தெளிந்த வலையைப் பூட்டி மூடி செய்வது ஒரு மணி நேர வேலை. ராஸ், ஃபயர்ஃபிஷ் எல்லாம் குதிக்கும் மீன்கள். மூடியில் ஒயர் போகும் மூலையில் விட்ட விரலளவு இடுக்கையும் தேடிக் கண்டுபிடித்துவிடும். அந்த இடுக்கையும் வலைத்துண்டால் அடையுங்கள்.

எல்லாம் சேர்ந்ததும் உப்பு கலக்கும் முன் ஒரு வாரம் வெறும் தண்ணீரில் ஓடட்டும். ஒயர் ஒவ்வொன்றும் சொட்டு வடிய வளைந்து தொங்கிப் பிறகு பிளக்குக்கு ஏற வேண்டும். மெயினில் ஆர்சிடி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம். பிறகு பத்து முறையாவது மின்சாரத்தை நிறுத்திப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் சைஃபன் தானே பிடிக்கிறதா, சம்ப் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பாருங்கள். பம்ப் ஓடும்போது எந்த மட்டத்தில் இருந்தால் நிறுத்தியபின் விளிம்புக்கு 3 செ.மீ. கீழே நிற்கிறதோ, அந்த மட்டத்தில் சம்ப்பின் வெளிப்பக்கம் அழியாத மார்க்கரால் கோடு போட்டு, மேல் ஃப்ளோட்டை அதற்குக் கீழே பூட்டுங்கள்.